வெள்ளிக்கிழமை ஒப்படைத்த துப்பாக்கி

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை, அதன் பிறகு வீடுகளில் சோதனை நடக்கும் என்று காவல்துறை அறிவித்தது. அதை எங்கள் நாளிதழின் திண்டுக்கல் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான். வியாழக்கிழமை காலை செய்தி வெளியானது. முதல் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அக்காவிடமிருந்து போன் வந்தது.

“நீதான் எழுதுனியாடா?”

“ஆமாக்கா.”

“வேற கெழமையே கெடைக்கலையா உங்களுக்கு? சாயங்காலம் கெளம்பி வா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அய்யலூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே கடலை போட்டால் ஒரு பங்கு காட்டுப்பன்றிக்குப் போகும். மச்சானின் அப்பா தன் காலத்தில் தோட்டக் காவலுக்கென்று தானே ஒரு துப்பாக்கி செய்தார். அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. துப்பாக்கி மட்டும் பழைய வேட்டி சுற்றியபடி பரணில் கிடந்தது. அது வெடித்து நான் கேட்டதில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று கீழே இறங்கும். மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு, பொரிகடலை தீர்வதற்குள் மறுபடி பரணுக்குப் போய்விடும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொரி தின்றிருக்கிறேன்.

இத்தனை நாள் இல்லாத அவசரம் இப்போது வந்ததற்குக் காரணம் அக்கா மகள், எனக்கு மருமகள். காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், மருத்துவம் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். மிச்சம் இருந்தது நன்னடத்தை விசாரணை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கும் தெருவுக்கும் வந்து விசாரிப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டின் மேல் ஆயுத வழக்கு ஒன்று விழுந்தால் வேலை போய்விடும். அந்த வீட்டில் அதுவரை யாரும் சீருடை போட்டதில்லை, மச்சான் ஒரு தடவை சாரணர் படையில் சேர்ந்து இரண்டாம் நாள் நின்றுகொண்டதைத் தவிர.

நான் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மச்சான் ஆட்டுச் சந்தையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பேப்பரைப் படித்திருந்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

“மாப்ள, லைசென்ஸுங்கிறது கடையில வாங்குன துப்பாக்கிக்கு. இது எங்கப்பா வீட்டுல செஞ்சது. நாம செஞ்ச பொருளுக்கு எவன் லைசென்ஸ் குடுக்கணும்? அருவாளுக்குக் கேக்குறானா?”

“செய்யிறதே குத்தம் மச்சான். செய்யிறதுக்குத் தனியா லைசென்ஸ் வேணும். வச்சிருக்கிறதுக்கு இன்னொன்னு.”

“செஞ்சவருதான் போய்ச் சேந்துட்டாரே.”

“வச்சிருக்கிறவரு இருக்கீகளே.”

அவர் கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு அடுத்த வாதத்தை எடுத்தார். “அது வெடிக்கவே வெடிக்காது மாப்ள. பூன குட்டி போட்டு அதுமேல படுத்துருக்கு.”

வெடிக்காவிட்டாலும், தனித்தனிப் பாகமாகக் கிடந்தாலும் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கிதான் என்று சொன்னேன். “அப்ப இப்பவே கொண்டுபோய்க் குடுத்துருவோம்” என்று எழுந்தார்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். “வெளக்கு வச்ச பெறகு வீட்டுலருந்து ஒரு பொருளு வெளிய போகாது.”

“சரி, விடிஞ்சதும் போறேன்.”

“விடிஞ்சா வெள்ளி. வெள்ளியும் அதுவுமா பூசையில வச்ச பொருளத் தூக்கிக் குடுப்பாகளா? புள்ளைக்கு வேலை வீட்டுக்குள்ள வார நேரம். வாசல் வழியா லச்சுமிய வெளிய அனுப்பிட்டு, அப்புறம் ஆர்டரு வரலன்னு யாருகிட்டப் போய் அழுகிறது?”

அப்போதுதான் அவள் காலையில் கிழமையைக் கேட்ட காரணம் எனக்கு விளங்கியது. கொடுத்தால் மகளுக்கு வேலை வராது என்பது அவள் பயம். கொடுக்காவிட்டால் வராது என்பது என் பயம். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

“சனிக்கிழம குடுத்தா என்னடா? ஒரு நாளுதானே. நீ பேப்பர்ல மாத்திப் போட்ரு” என்றாள் அக்கா.

“நான் போட்டா ஆச்சா? போலீஸ்ல சொல்லணும்க்கா.”

“இதுக்கு ஒரு பத்திரிகைக்காரன்” என்று மச்சான் சாப்பிட உட்கார்ந்தார்.

மைதானத்தில் ஓடிவிட்டு வந்த மருமகள் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவளே ஸ்டேஷனில் இருக்கும் பெண் தலைமைக் காவலருக்குப் போன் போட்டாள். ஓட்டத் தேர்வுக்கு யோசனை சொன்னவர் அவர். ஊரில் எல்லோருக்கும் ஏட்டம்மா.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுலக்கா...” என்று ஆரம்பித்தாள். மறுமுனையில் சிரிப்பு எங்களுக்கே கேட்டது. வெள்ளிக்கிழமை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று சொல்லி முடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“காலையிலருந்து ஒரு ஆளு வரல. ஏன் வரலன்னு இன்ஸ்பெக்டர் ஐயா எங்களப் பிச்சு எடுக்குறாரு. வெள்ளிக்கெழமதான் காரணமா? இந்தா பாரு, துப்பாக்கியத் தூக்கிட்டு ரோட்டுல வரச் சொல்லாத, வழியில வண்டிய மறிச்சா அது வேற பேச்சு. ஊர்ப் பொது எடத்துல வைக்கச் சொல்லு. நாங்க வந்து எடுத்துக்கிறோம். யாருதுன்னு கேக்க மாட்டோம். ஆனா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள. அதுல மாத்தம் இல்ல.”

போன் அணைந்ததும் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே யோசித்தாள்.

“பொது எடம்னா, மந்தையம்மன் கோயிலு?”

“அதுவும் பொது எடம்தான்.”

“அம்மனுக்கு வெள்ளிக்கெழம குடுக்கலாம்” என்றாள். “அம்மனுக்குக் குடுக்கிறது வெளிய குடுக்கிறதாகாது. அம்மன்கிட்டருந்து போலீஸு எடுத்தா அது அவுகளுக்குள்ள.”

காவல்துறையிடம் சட்ட விளக்கம் கேட்டுப் பல செய்திகள் எழுதியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒரு சிக்கல் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், கோயில் இருக்கும் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்பினோம். அக்கா துப்பாக்கிக்குச் சந்தனம் வைத்து, நிலக்கோட்டை மல்லிகைச் சரம் ஒன்றைச் சுற்றி, பச்சை நெல்சாக்கில் போட்டுக் கொடுத்தாள். மச்சான் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்தார்.

கோயில் முன்னால் ஏற்கெனவே ஒரு சுருட்டிய பாய் இருந்தது. பக்கத்தில் உரச் சாக்கு. அதற்கும் பக்கத்தில், பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற சேலை. மூன்றும் ஒரே நீளம். மூன்றின் மேலும் பூ இருந்தது. சூலத்துக்குப் பின்னாலிருந்து எதிர்வீட்டுப் பெரியவர் மெல்ல வெளிப்பட்டார்.

“சாமி கும்பிட வந்தேன்” என்றார்.

“நாங்களும்” என்றார் மச்சான்.

“நல்ல வேண்டுதலா?”

“அம்புட்டும் ஒரே வேண்டுதல்தான் போலருக்கு.”

இருவரும் சிரிக்காமல் திருநீறு பூசிக்கொண்டார்கள்.

ஜீப் வந்தபோது ஊரே தற்செயலாக மந்தையில் கூடியிருந்தது. ஏட்டம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மல்லிகைச் சரத்தைப் பிடித்துத் தூக்கி, “பொண்ணு அழைப்பு மாதிரில்ல இருக்கு” என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, “செலக்சன் ஆன புள்ள சும்மா நிக்கிறியே, ஒரு கை புடி” என்றார்.

மருமகள் குனிந்தாள். கூட்டத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. “ஏய், நீ தொடாத! அவுகளே எடுக்கட்டும்!”

மச்சான் வானத்தைப் பார்த்தார். ஏட்டம்மா மட்டும் காது கேட்காதவர்போல, தானே குனிந்து எல்லாவற்றையும் அள்ளி ஜீப்பில் வைத்தார். கோயில் அருகே கேட்பாரற்றுக் கிடந்த நாட்டுத் துப்பாக்கிகள் மீட்கப்பட்டதாக மறுநாள் செய்தி வந்தது. அதை எழுதியவனும் நான்தான்.

நன்னடத்தை விசாரணைக்கு வேறொரு காவலர் வந்தார். ஊருக்குப் புதியவர். அன்று ஞாயிறு, நானும் இருந்தேன். வீட்டில் யார் மீதாவது வழக்கு உண்டா என்று கேட்டார். இல்லை. அக்கம்பக்கத்தில் சண்டை உண்டா? இல்லை. தெருவிலும் கேட்க வேண்டும் என்றார். எதிர்வீட்டுப் பெரியவர் கூப்பிடாமலே வந்து நின்றார்.

“தங்கமான குடும்பம் சார். ஒரு வம்புதும்பு கெடையாது. அருவாமனையத் தவிர அந்த வீட்டுல ஆயுதமே இல்ல.”

காவலர் நிமிர்ந்தார். “ஆயுதத்தப் பத்தி நான் கேக்கவே இல்லையே பெரியவரே?”

பெரியவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“அவரு எல்லாத்தையும் ஒரு வார்த்தை கூட்டித்தான் சொல்லுவாரு சார்” என்று அக்கா மோரை நீட்டினாள்.

காவலர் அதை ஒரே மூச்சில் குடித்தார். தெரு முழுவதையும் ஒருமுறை பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் கேட்டார்: “பயிற்சிக்கு எந்த ஊரு போடுவாகன்னு தெரியுமாம்மா?”