அக்காவின் குதிகால் பிரேக்

என் அக்காவிடம் இரக்கம் காட்டிவிட்டு யாரும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. கார்மெண்ட் கம்பெனியில் வருஷக்கணக்கில் தைத்தவள். பைக் விபத்தில் தோள் நரம்பு அறுந்து வலது கை தொங்கிப்போனபோதும் வாய் மட்டும் துளி குறையவில்லை.

ஞாயிறு மாலை ஹால் டிவியில் மாமாவோடு கார் ரேஸ் ஆடுவது அவளுக்கு உயிர். மாமா, அவள் கணவர், அதே கம்பெனியில் மெஷின் மெக்கானிக். விபத்துக்குப் பிறகு, இரண்டு கையாலும் பிடித்து பட்டன் அழுத்த வேண்டிய கேம்பேடை ஒற்றைக் கையால் பிடித்துத் தடுமாறினாள். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டமும் அவளே ஜெயித்தாள். சட்டென்று கேம்பேடைக் கீழே வைத்தாள்.

"யார் காதுல பூ சுத்துறீங்க? விட்டுக்கொடுக்கிற ஆளோட எனக்கு ஆட்டம் வேண்டாம்."

மாமா திருதிருவென்று விழித்தார். பழையபடி சரிக்குச் சரி மோத வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அதற்கு வழிதான் தெரியவில்லை.

அடுத்த வாரம் முழுக்க, மாமா இரவல் வாங்கி வந்த சாமான்களால் ஹால் கடைத்தெருவாகிவிட்டது. கீபோர்டை மடியில் வைத்தால் சோபாப் பள்ளத்தில் சரிந்தது. மவுஸை சோபாக் கைப்பிடியில் நகர்த்தினால் வளைவு வருவதற்குள் கைப்பிடி முடிந்துபோனது. ஸ்டீரிங்கை மாட்டினால் டீப்பாயே சேர்ந்து திரும்பியது. "இந்த வீட்டுல உருப்படியா எதுதான் இருக்கு?" என்று நான் கத்தினேன். அக்கா மட்டும் நிதானமாக ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து ஒதுக்கினாள். கடைசியில் பலகையில் இறுக்கிய ஒரு ஜாய்ஸ்டிக்கை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டாள்.

"திருப்புறதுக்கு இது போதும். ஓட்டுறதுக்கு என் மெஷின் பெடலைக் கொண்டாங்க."

கம்பெனியில் கழித்துப்போட்ட பெடல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து மாமா வயரை இணைத்தார். முன்பாதத்தை அழுத்தினால் ஓட்டம், குதிகாலை அழுத்தினால் பிரேக். அவள் கால் பட்டதும் கார் சீறியது. வளைவுகளில் காலர் தைக்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது. அடேயப்பா, என்ன கால் அது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமா வியர்த்து விறுவிறுத்துப் பின்னால் வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோடு இதோ, எட்டிப் பிடிக்கிற தூரம். அங்கே போய் அவள் குதிகால் அழுந்தியது. கம்பெனி மெஷினில் தையல் முடிந்ததும் அப்படி அழுத்தினால்தான் நூல் அறுபடும். பாழாய்ப்போன பழக்கம்! கார் கோட்டுக்கு முன்னால் சடாரென்று நின்றது. மாமா விர்ரென்று தாண்டிப்போய் ஜெயித்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "ஏன் மாமா, ஒரு நிமிஷம் நின்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"போடி லூசு!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "இப்பதான்டி இவரு என்னோட விளையாடுறாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெடலில் காலை வைத்தாள்.

"நூல் அறுத்தாச்சு. அடுத்த பீஸைப் போடுங்க!"