ஒழுங்கையைத் துப்புரவாக்கிய வருடம்

எங்கள் ஒழுங்கை நாரந்தனைப் பெரிய தெருவில் தொடங்கிக் கடற்கரையில் முடிகிறது. தெருவும் ஒழுங்கையும் சந்திக்கிற முடக்கில் அந்தக் காலத்தில் ஒரு குப்பைமேடு இருந்தது. அங்கே யார் கொட்டுகிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டுவோம். மீன் செதில், வாழையிலை, தேங்காய்ப் பொச்சு, உடைந்த போத்தல், செத்த கோழிக்குஞ்சு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஆவணி மாதம் பனங்காய் விழத் தொடங்கியதும் அழுகல் மணமும் மொய்க்கிற இலையானும் சேர்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்துக்கு மகளைக் கூட்டிப் போகும்போது அவளது மூக்கை என் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டுதான் அந்த முடக்கைத் தாண்டுவேன். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சிறுவர் வகுப்பு ஆசிரியை. கணவருக்குக் கொழும்பில் கிளாக்கர் வேலை. லீவு கிடைத்தால்தான் வருவார். ஆகவே மகளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் பயப்படுகிற வேலை முழுவதும் என்னுடையது. அவளுக்கு அப்போது ஏழு வயது.

எங்கள் ஒழுங்கைக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் றெயில்வேயில் இருந்து இளைப்பாறியவர். பென்சனியர் என்றே எல்லாரும் அழைத்தோம். முடக்கைத் துப்புரவாக்கி, ஒழுங்கை நெடுகிலும் வேப்பங்கன்று நடவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஊர் கூடிக் கூலியில்லாமல் வேலை செய்கிற சிரமதானம் என்ற சொல் எங்கும் புழங்கிய காலம் அது. கூட்டம் வைத்தபோது எல்லாரும் சம்மதித்தார்கள். ஒரு கேள்விதான் மிஞ்சியது. வாரி எடுக்கிற குப்பையை எங்கே போடுவது?

"கிடங்கு வெட்டித் தாழ்ப்பம்," என்றார் பென்சனியர்.

"எங்கை வெட்டிறது? உங்கட வளவிலையோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன்தான். கடல்தொழில் செய்கிற மனிதர். "ஒரு முழம் போனா அலவாங்கு கல்லிலை முட்டி நெருப்புப் பறக்கும். பென்சன் காசிலை வெடிமருந்து வாங்கித் தருவியளே ஐயா?"

சிரிப்பு அடங்கியபோது யாரோ பழங்கிணற்றை நினைவுபடுத்தினார்கள். ஒழுங்கையின் நடுவில் ஒரு வெறும் வளவு. உரித்துக்காரர் மலேயாவுக்குப் போய்த் திரும்பாதவர். அவருடைய கிணற்றை யாரோ ஒரு கோடையில் கூடுதலாக ஆழப்படுத்தியதால் தண்ணீர் உப்புக் கரித்துச் சவராகிவிட்டது. மாடும் குடிக்காது. துலாவும் விழுந்து, கட்டும் இடிந்து கிடந்தது. கிணறு இருக்கிறது, ஆழமும் இருக்கிறது, யாருக்கும் பயனில்லை. எல்லாருக்கும் அது கடவுள் பார்த்துத் தந்த கிடங்கு மாதிரித் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாங்கள் குடிக்க அள்ளும் நல்ல தண்ணிக் கிணறு அதற்கு இரண்டு வளவு தள்ளி இருந்தது. எங்கள் வேலிக்கு அடியில் கிடந்ததும் மதிலாகக் கட்டியதும் அதே முருகைக்கல்தான். தேனடைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். மழை பெய்தால் அந்தக் கல் தண்ணீரைக் குடித்துவிடுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறோம். ஆனாலும் இரண்டு கிணற்றையும் ஒரே தண்ணீராக எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

சிரமதானம் ஒரு கொண்டாட்டம் போல நடந்தது. ஆண்கள் மண்வெட்டியால் வார, பெண்கள் பனையோலைக் கடகத்தில் சுமந்தோம். பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணியும் எள்ளுருண்டையும் கொண்டுவந்தாள். குப்பைமேடு இருந்த இடம் பின்னேரத்துக்குள் வெறும் நிலமாகிவிட்டது. மகள் ஒரு வேப்பங்கன்றைத் தன்னுடையது என்று சொல்லி, ஆடு கடிக்காமல் பனைமட்டையால் கூடு கட்டினாள். பிறகு சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வீடு கூட்டி அள்ளிப் பழங்கிணற்றில் கொட்டுவது வழக்கமாயிற்று. பக்கத்து ஊர்க்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தீவுப்பகுதியிலேயே இப்படி ஒரு ஒழுங்கை இல்லை என்று ஒரு அதிகாரி சொன்னதாகப் பென்சனியர் வாசிகசாலையில் நாலு தரம் சொன்னார்.

ஐப்பசி மழை அந்த வருடம் பலமாகப் பெய்தது. கார்த்திகையில் மகளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. முதலில் தடிமன் காய்ச்சல் என்று நினைத்தோம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். ஒரு கிழமையாகியும் இறங்காமல், நாக்கு வெளுத்து, பிள்ளை பிதற்றத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் நெருப்புக் காய்ச்சல், தைபொயிட், என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. கோயில் திருவிழாவில் வாங்கிக் கொடுத்த ஐஸ்பழத்தின் மேல்தான் எல்லாரும் பழி போட்டோம்.

தீவார் யாராவது பட்டணத்து ஆஸ்பத்திரியில் படுத்தால் ஊரிலிருந்து தண்ணீர் போகும். இது எங்கள் பழக்கம். பட்டணத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, பிறந்த கிணற்றுத் தண்ணீர்தான் உடம்பைத் தேற்றும் என்பது எங்கள் நம்பிக்கை. நான் ஆஸ்பத்திரி வாட்டை விட்டு அசையவில்லை. ஆகவே பக்கத்து வீட்டு அக்கா அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். புருஷன் கொண்டுவந்த மீனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, காலை பஸ்ஸில் ஏறிப் பண்ணைப் பாலத்தைக் கடந்து, இரண்டு போத்தல் தண்ணீரோடு வந்துவிடுவாள். கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைப் பிள்ளையின் நெற்றியில் ஒருதரம் வைத்தெடுப்பாள். எங்கள் அம்மன் விபூதிக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

"குடியடி குஞ்சு. இது மாமி விடியவே முதல் வாளியிலை அள்ளினது. தவளையும் நித்திரையாலை எழும்பேல்லை," என்பாள். பிள்ளை அந்தக் காய்ச்சலிலும் சிரிக்கும். வேறெதையும் வாயில் வைக்காதவள் அந்தத் தண்ணீரை மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். வீட்டுக்குப் போகும் நாளை நாங்கள் பேசத் தொடங்கிய நேரத்தில் காய்ச்சல் மறுபடி ஏறியது. இந்த முறை அவள் என்னை அடையாளம் காணவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாள்களில் நான் எந்தக் கடவுளிடம் என்ன கேட்டேன் என்பது இப்போது நினைவில்லை. அவள் மூச்சு விடுகிற சத்தத்தை மட்டும் எண்ணாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்படி இருந்த ஒரு காலையில் அக்கா கொண்டுவந்த போத்தலைத் திறந்தேன். குப்பென்று மண்ணெண்ணெய் மணத்தது. எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது.

"என்னக்கா இது? விளக்குக்கு எண்ணெய் வாங்கிற போத்தலிலையே பிள்ளைக்குத் தண்ணி கொண்டு வாறனீங்கள்?"

"இல்லை ரீச்சர். இது பிறம்பா வைச்சிருக்கிற போத்தல். சாம்பல் போட்டுக் கழுவினனான்."

"மணந்து பாருங்கோ."

மணந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. "மாதாவாணை, கழுவினனான் ரீச்சர்," என்றாள். பிறகு இரண்டு போத்தலையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வெறுங்கையோடு வந்தாள். கட்டிலுக்குக் கிட்ட வராமல் வாசலில் நின்று என்னை வெளியே கூப்பிட்டாள்.

"போத்தல் இல்லை ரீச்சர். கிணறு. போன உடனை புதுக் குடத்திலை அள்ளிப் பார்த்தனான். கிணறே மணக்குது."

"கிணறு எப்பிடி மணக்கும்?"

"பழங்கிணத்துக்குள்ளை நுளம்பு முட்டை போட்டுப் பெருகுதெண்டு பென்சனியர் ஞாயிற்றுக்கிழமை ரண்டு கலன் மண்ணெண்ணெய் ஊத்தினவராம். அது எங்கட நல்ல தண்ணிக் கிணத்துக்கும் வந்திட்டுது." குரல் உடைந்தது. "எண்ணெய் வந்த வழியாலை மற்றதெல்லாம் முந்தியே வந்திருக்கும் என்ன? செத்த கோழி, பிள்ளையளின்ரை பீத்துணி, எல்லாம். நான்தானே ஒவ்வொரு நாளும் அள்ளிக்கொண்டு வந்து ஊத்தினனான்."

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். இரண்டாவது காய்ச்சலுக்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இனி எந்தத் தண்ணீரையும் கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். அன்றைக்குப் பிறகு அக்கா ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுவாள். சாப்பாட்டை யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். உள்ளே வரவேயில்லை.

பிள்ளை பிழைத்தாள். மார்கழி முடிவில் மொட்டைத் தலையும் எலும்புமாக வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கணவர் லீவு எடுத்து வந்து தோளில் தூக்கி வந்தார். அடுத்த நாள் அவள் முற்றத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோழிக்கு அரிசிக்குறுணல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் குசினி வாசலில் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. விளையாட்டு என்று நினைத்து இன்னும் உரத்துக் கூப்பிட்டேன். கோழிகள் எல்லாம் தலையை நிமிர்த்தின. அவள் நிமிரவில்லை.

ஒரு காது முழுவதும் போய்விட்டது. மற்றதில் பாதி மிஞ்சியது. மற்ற இரண்டு பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் எழும்பினார்கள். அதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத வேண்டும். அந்த நாள்களில் அப்படி இருக்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் பென்சனியர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு கிணத்துக்கும் இடையிலை கல்லு கிடக்கு. தண்ணி என்ன கால் முளைச்சு நடந்து வருமே?" என்றார். பக்கத்து வீட்டு அக்கா எழுந்து போய்ச் செம்பில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். குடியுங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. அவர் செம்பைத் தூக்கினார், கீழே வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

பங்குனியில் தண்ணீர் இறங்கிய பிறகுதான் பழங்கிணற்றைத் துப்புரவாக்க முடிந்தது. அதுவரை தூரத்துக் கோயில் கிணற்றிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கட்டினோம். இந்த வேலைக்கு ஊருக்கு வெளியே இருந்து ஆள்களைப் பிடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எந்த ஆள்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் விளங்கியது. அக்காவின் புருஷன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங்கட ஊத்தைக்கு ஏன் மற்றவன் இறங்கிறான்?" என்று கயிற்றைப் பிடித்தார். பிறகு ஒருவருக்குப் பின் ஒருவராக இறங்கினார்கள்.

மேலே நின்று கடகம் வாங்கிய எங்களுக்குத்தான் பெரிய தண்டனை. வந்ததெல்லாம் அடையாளம் தெரிந்தது. கதிரைக் கால், பவுடர் பேணி, செருப்பு, மருந்துப் போத்தல்.

"இது ஆற்றை தலையணை?"

"பென்சனியற்றை. இன்னும் சித்தாலேபத் தைல மணம் போகேல்லை."

"அப்ப அந்தப் பிடி போன தேத்தண்ணிக் கேத்தில்?"

"அது உன்ரை மனிசியின்ரை. உனக்கு எறிஞ்சதிலைதான் பிடி போனது."

சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். அடுத்த கடகத்தில் எங்கள் வீட்டுப் பனையோலைக் கொட்டைப்பெட்டி ஒன்று, கறுத்து நைந்து, வந்தது. அதை நான் எடுத்து ஒரு பக்கமாக வைத்தேன்.

அவரவர் போட்டதை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவாயிற்று. குப்பை இனி ஒழுங்கைக்கும் வரக்கூடாது, கிணற்றுக்கும் போகக்கூடாது. நிலத்தைத் தோண்ட முடியாத ஊரில், நிலத்துக்கு மேலேயே முருகைக்கல்லால் வட்டமாக ஒரு வரம்பு கட்டி, இலையும் பொச்சும் சாம்பலும் கரையில் ஒதுங்குகிற கடல் சாதாழைப் புல்லும் அதற்குள் போட்டு உக்கவிட்டோம். அடுத்த மழைக்கு அதுவே தென்னைக்குப் பசளை. போத்தலும் தகரமும் போத்தல்காரனுக்கு. மலமும் அழுக்கும் கிணற்றடிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிள்ளைகள் போய் வீடுகளில் சண்டை பிடித்தார்கள். ஒழுங்கை இன்று பச்சையாக இருக்கிறது, துப்புரவாகவும் இருக்கிறது. வெளியூர்க்காரர் நிழலில் சைக்கிளை நிறுத்தி, நல்ல ஊர் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எவ்வளவுக்கு இதை வாங்கினோம் என்று நான் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மகளுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. தையல் படிக்க யாழ்ப்பாணம் போய் வருகிறாள். நாட்டு நிலைமை முன்போல இல்லை. றோட்டில் துவக்கோடு நிற்கிறவர்கள் பின்னாலிருந்து "நில்" என்று சொன்னால் அவளுக்குக் கேட்காது. அதை நினைத்து எத்தனையோ நாள் அவளைப் போகவேண்டாம் என்று மறித்திருக்கிறேன். கணவர் பென்சனோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர், "போக விடப்பா, வீட்டிலை பூட்டி வைக்க ஏலுமே?" என்கிறார். பூட்டி வைக்க ஏலாது என்பது எனக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாளும் விடாமல் அவளோடு பஸ்ஸில் போகிறாள். சந்தையில் அலுவல் என்பாள். எந்தச் சந்தையில் நாள்முழுதும் அலுவல் இருக்கும்? மகளின் கேட்காத காதுப் பக்கமாகவே நடப்பாள். ஆஸ்பத்திரிக்கு வந்த அந்தத் தண்ணீரைப் பற்றி நாங்கள் இருவரும் மகளுக்குச் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம் மூவரும் எங்கள் விறாந்தையில் இருந்தபோது, ஆஸ்பத்திரி நாள்களில் உனக்கு என்ன நினைவிருக்கிறது என்று நான் மகளிடம் கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது. காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் அவள் சொன்னாள்:

"வேறை ஒண்டும் நினைவில்லையம்மா. மாமி கொண்டு வாற தண்ணி நல்ல குளிர்மையா இருக்கும். அது வருமட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பன்."

அக்கா எழுந்தாள். "ஆடு அவிட்டபடி நிக்குது," என்று சொல்லிக்கொண்டு படலையைத் திறந்தாள். அவர்கள் வீட்டில் ஆடு இல்லை. நான் பின்னால் போகவில்லை. மகள் என்னைப் பார்த்து, "மாமிக்கு என்னம்மா?" என்று கேட்டாள். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.