ஒன்று தட்டினால் தூக்கு

அர்ச்சுனனின் இடது கை நடுவிரலில் நகம் இல்லை. நம்பாதவர்கள் கம்பைநல்லூருக்குப் போய் அந்த விரலைப் பார்த்துக்கொள்ளலாம். நடந்தது போன சித்திரையில், ஒரு புதன்கிழமை. நடுராத்திரி இல்லை. சுடுகாடு இல்லை. பட்டப்பகல். மணி பன்னிரண்டு இருபத்தொன்று.

வண்டி எழுபத்தாறாம் வருடத்து அம்பாசிடர். ஸ்டியரிங் ஓரத்தில் கியர் போடும் பழைய வகை. அதைக் கொண்டுவந்து அர்ச்சுனனின் மெக்கானிக் ஷெட்டில் விட்டவர் பெயர் சந்திரமோகன்.

"இறக்கத்துல கியர் தானா நழுவுதுங்க. இந்தப் பாக்ஸே வேணாம். தரையில லீவர் வர்ற மாதிரி அஞ்சு கியர் பாக்ஸ் மாட்டிடுங்க" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஷெட்டில் அர்ச்சுனனுக்குக் கையாளாக நிற்பது அவன் மனைவி கோகிலா. புது லீவருக்கு ஓட்டை போடுவதற்காகக் கார் தரையில் ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பை உரித்தபோது அவள்தான் முதலில் பார்த்தாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், தகடு முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள். நூற்றுக்கு மேல் இருக்கும்.

"அம்மை வார்த்த மூஞ்சியாட்டம் இருக்குதுங்க."

"எவனாவது டிங்கர் வேலை பழகியிருப்பான். நீ கயித்தப் பாரு."

புதுப் பாக்ஸ் முப்பத்தைந்து கிலோ. அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பான். பாக்ஸில் கட்டிய கயிறு, தரை ஓட்டை வழியாகக் காருக்குள் போகும். உள்ளே கோகிலா அதைக் கடப்பாரையில் சுற்றித் தூக்குவாள். அடியில் கிடப்பவன் பேசுவது மேலே சரியாகக் கேட்காது. அதனால் ஸ்பேனரால் தட்டுவான். ஒன்று தட்டினால் தூக்கு. இரண்டு தட்டினால் இறக்கு.

பத்தே முக்காலுக்குத்தான் தெரிந்தது, பழைய போல்ட் எதுவும் புதுப் பாக்ஸுக்குச் சேரவில்லை. அரூர் போய் வாங்கிவர வேண்டும்.

"இத நேத்தே அளந்து பாக்க மாட்டீங்களா?"

"போறதுன்னா போ. வாய் பேசாத."

அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் அடியில் படுத்து இன்ஜினில் பாக்ஸ் வந்து சேரும் முகப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். 12.10. மேலே கார்க் கதவு திறந்தது. சீட் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"போல்ட்டு கெடச்சுதா?"

பதில் இல்லை. கோபம் இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். ஸ்கூட்டர் சத்தம் கேட்கவில்லையே என்று அப்போது தோன்றவில்லை.

ஒன்று தட்டினான்.

டிங்.

கயிறு விறைத்தது. பாக்ஸ் எழும்பியது. கோகிலா தூக்கினால் ஒரு பக்கம் சாயும். மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். இன்று பாக்ஸ் ஆடவே இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

இடது கையை உள்ளே விட்டுத் போல்ட் துளைகளைத் தடவிப் பார்த்தான். பாக்ஸ் வழுக்கி முன்னால் போனது. இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் மூன்று விரல்கள் மாட்டிக்கொண்டன. கத்தினான். அதே நேரம் சட்டைப்பையில் போன் அடித்தது. 12.21. வலது கையால் எடுத்தான்.

கோகிலா.

"ஏங்க, இந்தக் கடையில அந்த சைஸ் போல்ட்டே இல்லியாம். வேற கடை பாக்கட்டா?"

"நீ... வண்டில இல்லியா?"

"வண்டிலயா? அரூர்ல நிக்கறேன்னு தமிழ்லதான சொல்றேன்?"

அவன் மேலே பார்த்தான். கயிறு விறைப்பாகவே இருந்தது.

போன் கையிலிருந்து நழுவியது. விரல்களை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. பாக்ஸ் கொஞ்சம் இறங்கினால்தான் இடைவெளி திறக்கும். மொத்தமாக விட்டுவிட்டால் நெஞ்சுக்கூடு நொறுங்கும்.

இறக்கச் சொல்ல வேண்டும்.

மேலே இருப்பது யாரோ... அதனிடம்.

12.25. விரல்களில் உணர்வு போய்விட்டது. ஸ்பேனரை எடுத்தான்.

டிங்... டிங்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மேலேயிருந்து கேட்டது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில்.

டிங்...

டிங்... டிங்...

மறுபடி இரண்டு தட்டினான்.

கயிறு இளகியது.

மெதுவாக.

நிதானமாக.

விரல்களை உருவினான். நகம் அங்கேயே நின்றுவிட்டது. புரண்டு வெளியே வந்தான். அவன் கிடந்த இடத்தில் பாக்ஸ் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

12.30.

காருக்குள் யாரும் இல்லை. கதவு மூடியிருந்தது. கடப்பாரை ஷெட் சுவரில் சாய்ந்திருந்தது, காலையில் அவனே வைத்த இடத்தில். கயிற்றின் நுனி சீட்டின் மேல் சும்மா கிடந்தது. எதிலும் கட்டவில்லை.

மூன்றாம் நாள் சந்திரமோகன் வந்தார். வண்டி அப்படியே நின்றது. அர்ச்சுனன் அவரிடம் அந்தத் தரைத் தகட்டைக் காட்டினான்.

"சொல்லியிருந்தா வேலைக்கு எடுத்திருப்பீங்களா?" என்றார் அவர்.

அந்த வண்டியைக் கடைசியாக ஓட்டியது அவர் அண்ணன் திருமால். வத்தல்மலை இறக்கம், காலை ஆறு மணி. கியர் நழுவி, வண்டி சரிவில் இறங்கிப் பாறையில் முட்டி நின்றது. இரண்டு கால்களும் மாட்டிக்கொண்டன. கைக்கு எட்டியது ஒரு ஸ்பேனர் மட்டும். அதைக் கொண்டு காரின் தரைத் தகட்டைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்று... பிறகு இரண்டு.

"கீழ காட்டுல களை எடுத்தவங்களுக்கு எல்லாம் கேட்டிருக்குது. மேல ரோட்டுல எவனோ வண்டி ரிப்பேரு பண்றான்னு வுட்டுட்டாங்க. மத்தியானம் பன்னெண்டரைக்குச் சத்தம் நின்னுச்சாம்."

சந்திரமோகன் காரைப் பார்க்காமலே சொன்னார்.

"வேல முடிஞ்சுபோச்சாட்டம் இருக்குதுன்னு பேசிக்கிட்டாங்களாம்."