பக்கத்து வீட்டு அக்கறை

திற்பரப்புக்கு மேலே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. எங்களிடம் பலாமரம் கிடையாது. ஆனாலும், பலாப்பழத்தைத் தேடிக் கரடி இறங்கும் இந்தச் சக்கைக் காலத்தில், அது எங்கள் வீட்டுப் பின்புறத்துக்கே வந்தது. தேனீ வளர்க்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "கரடி எறங்குது மக்கா, கதவ அடச்சுக்க" என்று தினமும் மதிலுக்கு மேலே எட்டிச் சொல்வார். அந்த அக்கறையை நான் ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்தேன்.

ஒரு சாயங்காலம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மதில் தாண்டி ஒரு பழுத்த சக்கை காலடியில் விழுந்து பிளந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி கையில் இன்னொன்று இருந்தது.

"எனக்க தேன்பெட்டிய கரடி ஒடச்சிட்டுன்னா பொழப்பு போச்சு" என்றார்.

"எங்க வீட்டுல பிள்ளையளு உண்டுல்லா, அண்ணாச்சி?"

"அதுக்குத்தான தெனமும் கதவ அடைக்கச் சொன்னேன்."