சுடும் என்று சொன்ன கிராணி

சென்ற செவ்வாய்க்கிழமை கோலா சிலாங்கூர் பஸ் டிரைவர் என் மருந்தறைக்குள் எட்டிப் பார்த்து, "டிரெஸ்ஸர், பெரிய கிராணி தவறிட்டாராம் லா. மாரடைப்பு" என்றார். ஞாயிறன்றுதான் கிராணி என்னிடம் இருமல் மருந்து வாங்கிப் போயிருந்தார். அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டேனோ என்று பதறி முதலில் புட்டியைத்தான் எடுத்துப் பார்த்தேன். இருமல் மருந்துக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்? புத்தி நிலையில் இல்லை.

திரு. சூசைநாதன் அவர்கள் எங்கள் ரப்பர் தோட்ட ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். மற்றவர்கள் கோழி வளர்த்தார்கள், அவர் துப்பாக்கி சேர்த்தார். திரியைப் பற்றவைத்துச் சுடும், முந்நூறு நானூறு வருடப் பழசான ஐரோப்பியத் துப்பாக்கிகள். ஒன்று பாகான் நக்கோடா ஓமாரில் ஒரு மீனவர் வீட்டுப் பரணில் கிடைத்தது. பழைய இரும்புக் கடைகளில் அலைந்து இன்னும் மூன்று சேர்த்தார். "திரியைக் கவ்வுற கொக்கி சுடுறவர் பக்கமா விழுந்தா ஐரோப்பாக்காரன் செஞ்சது. அந்தப் பக்கமா விழுந்தா இங்க செஞ்சது" என்று எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நூறு தடவையும் மறந்தேன்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் வந்தது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் தூக்கு என்றார்கள். ஆற்றில் வீசுங்கள் என்று கெஞ்சினேன். அவரோ நேரே போலீசுக்குப் போய், அவை வெறும் காட்சிப் பொருள்கள் என்று கடிதம் வாங்கி வந்துவிட்டார்.

ஒரு நாள் காலை போலீசார் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சோதனை போட்டார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் முனியாண்டியின் அடுப்படியில் ஓர் இரும்புக் குழல் அகப்பட்டது. தஞ்சோங் காராங் வாய்க்கால் சேற்றிலிருந்து அவர் எடுத்து வந்தது. அவர் மனைவி பாப்பாத்தி இரண்டு வருடமாக அதில்தான் அடுப்பு ஊதினார். பக்கவாட்டில், வெடிமருந்துக்குத் தீ வைக்கிற மாதிரி சின்னத் துளை ஒன்று இருக்க, வெள்ளைக்கார அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. கிராணியைக் கூப்பிட்டு, இது குழாயா துப்பாக்கியா என்று கேட்டார்.

குழாய் என்று சொன்னால் முடிந்தது. அவர் கரியைத் துடைத்தார், அடியை மூடும் திருகாணிக்காக உள்ளே மரை வெட்டியிருந்ததை விரலால் தடவினார், துப்பாக்கிதான் என்றார். முனியாண்டியை லோரியில் ஏற்றிப் போனார்கள். பாப்பாத்தி மண்ணை வாரித் தூற்றினார். நானும் அன்று கிராணியோடு பேசவில்லை.

மறுநாள் அவர் நான்கு துப்பாக்கிகளையும் சாக்கில் சுற்றிக்கொண்டு போலீசுக்குக் கிளம்பினார். என்ன செய்வாரோ என்று பயந்து கூடவே போனேன். அங்கே ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலிருந்த திருகாணியையும் கழற்றி அந்தக் குழலில் பொருத்திக் காட்டினார். ஒன்றும் சேரவில்லை. அதற்கென்றே செய்த ஆணி இல்லாமல் வெடித்தால் சுடுபவன் முகம்தான் போகும், இதை யாராலும் சுட முடியாது என்றார். அதிகாரி குழலை ஓரமாக வைத்துவிட்டு, அப்படியானால் ஆணியுள்ள உம்முடைய நான்கும் சுடுமா என்று கேட்டார்.

கிராணி, காட்சிப் பொருள் என்று வாங்கிய அந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல் திருப்பி வைத்தார். சுடும் என்றார்.

முனியாண்டி மூன்றாம் நாள் வீடு திரும்பினார். நான்கு துப்பாக்கிகளும் போனவை போனவைதான். கிராணியை இரண்டு வாரம் உள்ளே வைத்துத் துருவித் துருவி விசாரித்து, எச்சரித்து விட்டார்கள். அதன்பிறகு அவர் எந்த இரும்புக் கடைப் பக்கமும் போகவில்லை.

"முதல் நாளே குழாய்னு சொல்லியிருந்தா இவ்வளவும் வந்திருக்காதே கிராணி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யோசிச்சேன் டிரெஸ்ஸர். வாய் வரல."

ஒரு சொல்லுக்காக ஒருவன் கழுத்தைப் பணயம் வைத்தவரா, அந்தக் கழுத்துக்காகத் தம் கழுத்தையே நீட்டியவரா? எத்தனையோ தடவை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் உண்டு, அவரைப்போல் ஒருவரை நான் கண்டதுமில்லை.

ஊரடங்குக்கு முன் அடக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. பெட்டியைத் தூக்கியவர்களில் முனியாண்டியும் ஒருவர். பாப்பாத்தி மட்டும் கல்லறை வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

"எம் புருசன காட்டிக் குடுத்ததும் அவருதான், கூட்டியாந்து விட்டதும் அவருதான். நான் எதுக்குங்கய்யா அழுவுறது?" என்றார். சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தார்.

நானும் அவர் பக்கத்திலேயே, வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்தே உங்களுக்கு விடை கொடுத்தேன், கிராணி அவர்களே.