கை காட்டாமல் சர்வ் கிடையாது!

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். மலாக்காவில் காஜா பெராங் கிளப் கோர்ட்டில் என் அண்ணனுக்கும் ஒரு ஆபீஸ் கிராணிக்கும் (குமாஸ்தாவுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு!) டென்னிஸ் மேட்ச்!

(அப்போது எனக்குப் பதினைந்து. இப்போது எத்தனை என்று கணக்குப் போடாதீர்கள்!)

அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா அந்த கிளப்பில் புல் வெட்டுபவர். ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் பந்தடித்தே அண்ணன் ஆடப் பழகினார்.

ஜெயிப்பவருக்கு மலாக்கா டீமில் இடம்.

மேட்சுக்கு முன்பே அம்பயரிடம் போய்க் கேட்டேன்.

"சார், அண்ணனுக்குக் கேக்காது. அவுட்னா கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க சார்."

"ரூல்ஸ்லே வாயாலே சொல்றதுதான் இருக்கு பாப்பா. ஒரு ஆளுக்காக மாத்த முடியுமா?"

முதல் செட் போச்சு. அவுட் ஆன பந்துக்கும் ஓடினார். சர்வ் வலையில் உரசி லெட் ஆன பந்துக்கும் ஓடினார். கூட்டம் சிரித்தது.

மட்டையில் பந்து படும் சத்தத்தை வைத்தே அடி பலமா, லேசா என்று கிராணிக்குத் தெரிந்துவிடும். அண்ணனுக்குக் கண் மட்டும்தான்.

இரண்டாவது செட்டில் பக்கத்துத் திடலில் மெர்டேக்கா ஊர்வலத்துக்கு பேண்டு ஒத்திகை ஆரம்பித்தது. டமடமவென்று டிரம்!

கிராணி தடுமாறிப் போனார். கடைசியில் கத்தியே விட்டார்.

"சார், ஒண்ணுமே கேக்கலே லா! கையையாவது காட்டுங்க!"

அம்பயர் கை உடனே உயர்ந்தது. (ரூல்ஸ் எங்கே போனதோ!)

அந்த செட் அண்ணனுக்கு!

மூன்றாவது செட், 4–4. பேண்டு நின்றது. அம்பயர் கையும் மடிக்கு இறங்கிவிட்டது.

அண்ணன் சர்வ். பந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்!

"எழுந்து சர்வ் போடச் சொல்லு பாப்பா! இல்லேன்னா மேட்ச் கிராணிக்குத்தான்!" என்றார் அம்பயர்.

அப்பா வேலையும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அண்ணன் என்னைப் பார்த்து ஒரு கையை மேலே தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், பயம் போய்விட்டது.

"நீங்க சொல்றது அண்ணனுக்குக் கேக்கலே சார். கையைக் காட்டினா எழுந்திருப்பாரு."

அம்பயர் கிராணியைப் பார்த்தார்.

"காட்டிடுங்க சார். எனக்குக் காட்டினீங்கதானே?" என்றார் கிராணி. (நல்ல மனுஷன்!)

கை உயர்ந்தது. அண்ணன் எழுந்தார், புல்லைத் தட்டிவிட்டார், 6–4 என்று முடித்தார்!

கேட்கிறவருக்குக் காட்டினால் உதவி, கேட்காதவருக்குக் காட்டினால் மட்டும் சலுகையா? நீங்களே சொல்லுங்கள்!