எத்தனை மான் என்று கேட்டுவிட்டு வந்தோம்

வியாழக்கிழமை காலை ஐந்தே கால். பீளமேட்டில் என் வீட்டிலிருந்து கோவை விமான நிலையம் பத்து நிமிடம்தான். போய் இறங்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர், மூன்றடிக் குத்துவிளக்கு ஒன்று, பன்னிரண்டடி பேனர் ஒன்று. நார்வேயின் வடகோடியில் கௌத்தொகைனோ என்ற ஊரில், பனிமான் மேய்க்கும் சாமி இன இளைஞர்களோடு பண்பாட்டுப் பரிமாற்றமாம். தலைமை எங்கள் டீன். துணைக்குப் போகும் ஆசிரியை நான்.

கோபம் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து வந்தது. அந்த ஊர் இளைஞர் மன்றம் எங்களைக் கூப்பிட்டதே, எட்டுப் பேரில் ஒருத்தியான மல்லிகா எழுதிய இரண்டு பக்கக் கடிதத்துக்காகத்தான். தாராபுரத்துக்குப் பக்கத்தில் அவள் அப்பா அடுத்தவர் ஆடுகளை மேய்க்கிறார். அதைத்தான் எழுதியிருந்தாள். ஞாயிறு கூட்டத்தில் எங்கள் தரப்பில் பேசப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தை டீன் தன் பெயருக்கு எழுதிக்கொண்டுவிட்டார். ஏழு பேருக்குக் கும்மியாட்டம். ஆட வராத மல்லிகாவுக்குப் பேனர் பிடிக்கிற வேலை.

"கூப்பிட்டதே அவளைத்தானுங்க சார். அவளே பேசட்டுமே" என்றேன்.

"ஆடு மேய்க்கறதப் பத்திப் பேசுனா நம்ம காலேஜுக்கு என்னங்க மேடம் பேரு? டிரஸ்ட்டுல கேப்பாங்க."

அட, அதைக் காட்டித்தானே டிக்கெட் வாங்கினீர்கள்! கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றேன்.

டில்லி விமானத்தில் மல்லிகா என் பக்கத்து இருக்கை. பேச்சை ஆரம்பிக்கலாம் என்று, "அப்பாகிட்ட ஆடு எத்தனை உருப்படி கண்ணு?" என்று கேட்டேன்.

"அது எங்களுது இல்லீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூக்கம் வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளி மாலை நான்கு மணிக்கு ஆல்டா. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஒரு காப்பி ஐம்பத்திரண்டு குரோனர், நம் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்நூறு ரூபாய், அதிலும் பால் கிடையாது. அங்கிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர் வேனில் போனோம். வழியில் நாலைந்து மான்கள் சாலையில் நின்றன. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை, எஞ்சினை மெதுவாக்கிக் காத்திருந்தார். "அவசரமா?" என்று மட்டும் கேட்டார். டீன்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனி காலை பதினோரு மணிக்கு மன்றத்தின் தலைவி மாரெத் எங்களைத் தன் அப்பாவின் மேய்ச்சல் இடத்துக்குக் கூட்டிப் போனாள். இருபத்து நான்கு வயது, பனிவண்டியை நம் பிள்ளைகள் ஸ்கூட்டி ஓட்டுவதுபோல ஓட்டினாள். அவள் அப்பா கூடாரத்தில் நெருப்பு மூட்டி, மான்கறிச் சாறு ஊற்றிக் கொடுத்தார். டீன் குவளையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள்?"

பெரியவர் நெருப்பைக் கிளறினார். டீன் மறுபடி கேட்டார். கேட்கவில்லை என்று நினைத்து மூன்றாம் முறை உரக்கக் கேட்டார். ஐந்நூறா, ஆயிரமா? பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாரெத் முகம் சிவந்தது. அந்தக் கேள்வியை இங்கே யாரும் யாரிடமும் கேட்பதில்லை, வங்கியில் எவ்வளவு போட்டிருக்கிறாய் என்று கேட்பது மாதிரி என்றாள். மந்தையைப் பார்க்காமலே திரும்பினோம்.

"நம்மூர்ல இதுதானுங்களே மரியாதை! எத்தனை ஏக்கரா, எத்தனை உருப்படின்னு கேட்டாத்தானுங்க அக்கறைன்னு அர்த்தம்" என்று டீன் வேனில் புலம்பினார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். என் நாக்கு நுனியிலும் அதே கேள்விதான் இருந்தது.

ஞாயிறு பகல் இரண்டு மணி, மன்றத்தின் கூடம். நாற்பது பேர் இருப்பார்கள். பெரியவரும் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாரெத் நேராக என்னிடம் வந்து, "கடிதம் எழுதிய பெண் எங்கே? அவள் பேசினால் கேட்கிறோம்" என்றாள். டீன் குறுக்கே வந்து, முதலில் என் உரை, பிறகு நடனம், நேரம் இருந்தால் அவள் என்றார்.

மல்லிகா மேடை ஓரத்தில் பேனர் கம்பைப் பிடித்தபடி நின்றாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று போய்க் கம்பைப் பிடுங்கினேன். "இதை நான் புடிச்சுக்கறேன். நீ போய்ப் பேசு கண்ணு."

"மேடம், ஊருக்குப் போனா நான் என்னங்க பதில் சொல்றது?" என்று டீன் பதறினார்.

"அதை நீங்களே யோசிச்சுக்குங்க. வாயைத் தொறக்காதீங்க இப்ப!"

மல்லிகா மேடை நடுவுக்குப் போனாள். தடுக்கித் தடுக்கித்தான் ஆங்கிலம் வந்தது. நேற்றைய கேள்வியில் தொடங்கினாள். "எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்பார்கள். சாயங்காலம் பட்டிக்கு வந்ததும் முதலாளி என் அப்பாவிடம் எத்தனை என்பார். ஒன்று குறைந்தாலும் அப்பாதான் திருடன். நாள் முழுக்க வெயிலில் நின்றவரை, சாப்பிட்டாயா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை." மாரெத் அதைத் தன் மொழியில் சொன்னாள். பெரியவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். மல்லிகா முடித்ததும் முன்னால் வந்து, நாளைக் காலை நீ மட்டும் என்னோடு மந்தைக்கு வா என்றார்.

திங்கட்கிழமை அவள் போய் வந்தாள். மந்தை எவ்வளவு பெரியது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய வாரம் தாராபுரத்தில் எங்கள் தோட்டத்துக்குப் போனேன். சாயங்காலம் ஆறு மணி. முப்பத்தெட்டு டிகிரி வெயில் அப்போதுதான் தணிந்திருந்தது. ஆடுகளைப் பட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தார் மாரப்பன். மல்லிகா அப்பாவைப் போல இன்னொருவர், நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து எங்கள் ஆட்டை மேய்ப்பவர். என் தம்பி நாற்காலியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தான்: "டேய் மாரா, எத்தனை?"

"அறுவத்தி நாலுங்க சாமி. சரியா இருக்குதுங்க."

சின்ன வயதில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று நானும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அப்பா சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவுவார். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"மாரப்பண்ணா, மத்தியானம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பயந்துபோய், மறுபடியும் ஆடுகளை எண்ண ஆரம்பித்தார்.